நாமினிக்கு ஒரு கெடு

அன்பு மகள் சிஹோவுக்கு,

இமாபாரியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் என் சைக்கிளும் நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் உன் ரொட்டி அடுப்பும் கனடாக் குளிருக்கு அஞ்சாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் நீ அழுததில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதிக்கும் நீ என்னைப் பதில் சொல்ல விடவில்லை, நடுவில் புகுந்து புகுந்து பேசினாய். கடிதத்தில் யாரும் நடுவில் புக முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுதும் படி. நீ சொன்னது இதுதான்: அம்மாவின் பாலிசியைக் கோர்ட்டு எடுத்துக்கொண்டால் பிப்ரவரியில் நடக்க வேண்டிய ஆபரேஷன் செலவைத் தாங்க முடியாது, பாலிசியின் சரண்டர் தொகை நாலு லட்சத்துப் பத்தாயிரம் யென்னை நாமினியான நீ ஒரு மாதத்துக்குள் கட்டினால் பாலிசி பிழைக்கும், அதனால் ரொட்டிக் கடையில் பங்கு வாங்கச் சேர்த்த பணத்தை எடுத்து அனுப்பிவிட்டு நீயும் கிளம்பி வருகிறாய். சட்டம் நீ சொன்னபடிதான், எங்கே விசாரித்தாயோ சரியாகத்தான் விசாரித்திருக்கிறாய். ஆனால் அனுப்பாதே. நான் வேண்டாம் என்றதும் இது வெறும் ரோஷம் என்றாய். ரோஷம்தான், யார் இல்லையென்றது? இருபத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக வீடு வீடாகப் போனவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

நீ ஊரில் இல்லாததால் உனக்கு எல்லாம் துண்டு துண்டாகத்தான் தெரியும், அதனால் வரிசையாகச் சொல்கிறேன். ஷுன்ஜி மாமாவின் சாயப்பட்டறைக் கடனுக்கு நான் ஜாமீன் முத்திரை குத்தியது உனக்குத் தெரியும். டவல் கம்பெனிகள் வேலை கொடுப்பதை நிறுத்தின, பட்டறை படுத்தது, மாமா திவாலானான், அவன் பின்னாலேயே நானும் ஆனேன். அவனைத் திட்டி ஒரு வார்த்தை இதில் எழுதப்போவதில்லை, நேரில் திட்டித் தீர்த்துவிட்டேன். அக்டோபரில் கோர்ட்டு உத்தரவு வந்த அன்றே என் ஏஜென்ட் பதிவு போய்விட்டது. திவால் வழக்கு நடக்கும் வரை ஒருத்தி இன்ஷூரன்ஸ் விற்கக் கூடாதாம், வாங்கலாமாம். அடுத்தவர் வீட்டுக் கூரை பறந்தால் என்ன செய்வது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தன் கூரை பறந்ததும் வாயைத் திறக்கத் தடை. மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆறு மாதம் போகட்டும், கடன் விடுதலை உத்தரவு வந்ததும் மறுபடி பதிவு செய்யலாம் என்றார். சொல்லும்போது, வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க என் மேசையில் வைத்திருந்த புது வருஷக் காலண்டர் கட்டை அவரே எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தார். அந்தக் கை எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் முகத்தைக் காட்டினார்கள். கிரெடிட் கார்டு போனது போகட்டும், அது என்றைக்குமே எனக்குச் சொந்தமாகத் தெரிந்ததில்லை. போன் கருவியைத் தவணையில் வாங்கியிருந்தேன் அல்லவா, அந்தத் தவணையும் கடனோடு சேர்ந்துவிட்டது, கம்பெனி இணைப்பையே வெட்டிவிட்டது, பத்தொன்பது வருஷமாக இந்த ஊர் முழுக்க மனப்பாடமாக வைத்திருந்த நம்பர் போயிற்று. இப்போது உனக்குப் பேசுவது பழைய கருவியில், முன்பணம் கட்டிய கார்டில். வீட்டுக்காரர் பரவாயில்லை, ஆனால் வாடகைக்கு ஜாமீன் நிற்கும் கம்பெனி அடுத்த புதுப்பிப்பில் என்னை ஏற்பது சந்தேகம் என்று ஒரு கடிதம் போட்டது, எவ்வளவு பணிவான கடிதம் தெரியுமா, மூன்று பத்தியில் நான்கு முறை மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். காஸ் சிலிண்டர் ஓனிஷி மட்டும் நேரில் வந்தான். செப்டம்பர் பில் பாக்கி நிற்கிறது, மேலிடத்தில் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள் என்று வாசலில் நின்று தன் ஷூவைப் பார்த்துச் சொன்னான். நான் உள்ளே போய் என் வக்கீல் கொடுத்த சட்டப் புத்தகப் பிரதியைக் கொண்டு வந்தேன். வழக்கு தொடங்கும் முன் நின்ற பாக்கிக்காக, தொடங்கிய பின் காஸையோ கரண்டையோ தண்ணீரையோ நிறுத்த முடியாது என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தேன். "கழட்டணும்னா கழட்டு தம்பி, ஆனா இந்த வரியை உங்க மேலிடத்துக்குப் படிச்சுக் காட்டிட்டுக் கழட்டு" என்றேன். அவன் படிக்கவில்லை. அவனுடைய சின்னப் பெண் கால் ஒடிந்து கிடந்தபோது கிளெய்ம் பணத்தை ஐந்தே நாளில் அவன் கையில் கொண்டு போய் வைத்தவள் நான். அது அவனுக்கு நினைவு வந்ததா, வரி நினைவு வந்ததா தெரியாது, சிலிண்டர் இன்று வரை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அக்டோபரிலிருந்து வந்த பில்லை எல்லாம் தேதி தவறாமல் கட்டுகிறேன். ஆரஞ்சுக் கொட்டகையில் பழம் பிரிக்கும் வேலை, காலை எட்டு மணிக்குப் போனால் இடுப்பு கழன்றுவிடுகிறது, ஆனால் அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை, நசுங்கிய பழத்தை வீட்டுக்குக் கொடுத்தும் விடுகிறார்கள்.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், இதை உன்னிடம் மறைத்திருந்தேன். ஆபீசில் எனக்கு அடுத்த மேசைக்காரி மினேகோவிடம் போன வருஷம் அறுபதாயிரம் யென் கைமாற்று வாங்கியிருந்தேன். வக்கீலைப் பார்க்கப் போவதற்கு முதல் நாள், தினமும் முகத்தில் முழிக்கும் பெண்ணுக்குப் பட்ட கடனை வைத்துக்கொண்டு எப்படித் திவாலாவது என்று மனசு கேட்கவில்லை. பாங்குக்குப் போய்ப் புதுத் தாளாக எடுத்து, வெள்ளை உறையில் போட்டு, ஒரு டப்பா இனிப்போடு கொண்டு போய்க் குனிந்து கொடுத்துவிட்டு வந்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன். பாங்குக்குக் கொடுக்காமல் தெரிந்தவருக்கு மட்டும் கொடுப்பது திவால் சட்டத்தில் பெரிய தப்பாம். என் சொத்தைக் கணக்கெடுத்துக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரிக்கக் கோர்ட்டு வைத்த பொறுப்பு வக்கீல் நிஷியாமா, என் பாங்குப் புத்தகத்தில் அந்த அறுபதாயிரத்தைக் கண்டுபிடித்து மினேகோவைக் கூப்பிட்டுத் திருப்பிக் கட்டச் சொல்லிவிட்டார். மரியாதை என்று நினைத்து நான் செய்தது அவளைக் கோர்ட்டு வாசலுக்கு இழுத்துவிட்டது. அவளும் கட்டினாள். அதற்குப் பிறகு சந்தையில் என்னைப் பார்த்தால் மீன் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவளுக்கு மீன் வாடையே ஆகாது, அப்படியும் திரும்புவாள். எனக்கு வந்த அவமானங்களில் என் கழுத்து உண்மையாகக் குனிந்தது இதற்கு ஒன்றுக்குத்தான்.

இப்போது பாலிசிக்கு வருகிறேன். நீ பிறந்த வருஷம் உன் அப்பா பிடிவாதமாக எடுக்க வைத்தது அது, ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளைக்குப் பத்தாயிரம், ஆபரேஷனுக்குத் தனியாக ஒரு தொகை, செத்தால் உனக்கு. ஒன்பது வருஷத்துக்கு முன் இடது மார்பில் கத்தி வைத்தபோது அதுதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. இப்போது வலது பக்கம் கட்டி என்கிறார் டாக்டர், சின்னதுதான், சீக்கிரம் பார்த்துவிட்டோம் என்கிறார், நானும் நம்புகிறேன், பயமும் இருக்கிறது, இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பங்கை அரசாங்கக் காப்பீடு கொடுத்துவிடும், அது திவாலானவளா இல்லையா என்று கேட்பதில்லை. ஆனால் கொட்டகைக்குப் போகாமல் இரண்டு மாதம் வீட்டில் கிடந்தால் வாடகைக்கும் அரிசிக்கும் இந்தப் பாலிசியை விட்டால் வேறு நாதி இல்லை. வயிற்றெரிச்சல் ஒன்று கேள். சரண்டர் தொகை இரண்டு லட்சத்துக்குள் இருந்தால் கோர்ட்டு திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. பாலிசி மேல் கடன் வாங்காதீர்கள், அது கடைசிச் சேமிப்பு என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன், சொன்னதற்கு நேர்மையாக நானும் ஒரு யென் வாங்கவில்லை, அதனால் அது நாலு லட்சமாக வளர்ந்து நின்றது, வளர்ந்ததால் மாட்டியது.

பாலிசியைக் காப்பாற்ற இரண்டு வழி என்றார் என் வக்கீல். ஒன்று நீ பணம் கட்டுவது. இன்னொன்று, இது இல்லாமல் இவளால் வாழ முடியாது, இன்னொன்று வாங்கவும் முடியாது என்று கோர்ட்டுக்கு நிரூபித்து, எனக்கென்று விட்டுவைக்கும் சொத்தில் இதையும் சேர்க்கச் சொல்வது. முதல் வழி சுலபம், இரண்டாவது கஷ்டம், மகள் ஒத்துக்கொண்டால் முதல் வழியிலேயே போகலாமே என்றார். நான் இரண்டாவது என்றேன். வாங்க முடியாது என்பதற்குச் சாட்சி என்ன என்று கேட்டார். மூன்று கம்பெனியில் என்னை வேண்டாம் என்று எழுத்தில் வாங்கி வருகிறேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சிரிக்கத்தான் வேண்டும். வேண்டாம் என்ற சொல்லைக் கேட்காத மாதிரி உட்கார்ந்து தேநீர் வாங்கிக் குடித்து வேண்டும் என்று மாற்றுவதுதான் என் தொழிலே, இப்போது வேண்டாம் என்பதை வாங்கவே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதல் இரண்டு இடத்தில் கஷ்டமே இல்லை, படிவத்தில் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஆபரேஷனும் பிப்ரவரி ஆபரேஷனும் எழுதியதுமே முகம் மாறியது, பத்து நாளில் தபாலில் பதில் வந்தது, பத்திரப்படுத்தினேன். மூன்றாவது இடத்தில் ஒரு சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட இருக்காது. நான் முதலிலேயே திவாலானவள் என்று சொல்லிவிட்டேன், அதைக் கேட்டாவது பயப்படுவாள் என்று. "திவாலா, அதெல்லாம் எங்களுக்குக் கணக்கே இல்லீங்க, பிரீமியம் கட்டினா போதும், உடம்பைப் பத்தி மட்டும் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவள் விடவில்லை. இந்தத் திட்டம் இல்லையென்றால் அந்தத் திட்டம், நோய் உள்ளவர்களுக்கு என்றே ஒன்று இருக்கிறது, பிரீமியம் இரண்டு பங்கு, ஆனால் பார்க்கலாம் என்று புத்தகம் புத்தகமாகப் புரட்டினாள். இவள் ஏதாவது கண்டுபிடித்துத் தொலைத்தால் என் வழக்கு போச்சு. அதே சமயம் என்ன நல்ல பிள்ளை என்றும் இருந்தது, ஒரு மணி நேரம் ஆகியும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைசியில் ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டவருக்கு எந்தத் திட்டமும் இல்லை என்ற பக்கத்துக்கு வந்துவிட்டாள், கண் கலங்கிவிட்டது அவளுக்கு. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மேசையில் நெற்றி படக் குனிந்தாள். நான் நன்றி சொல்லி அதையே எழுத்தில் கேட்டேன். இன்ஷூரன்ஸ் கிடைக்கவில்லை என்று இத்தனை சந்தோஷமாக வெளியே போன ஆளை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

மூன்று கடிதத்தையும் கொண்டு போய் நிஷியாமா முன் வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை, எல்லாவற்றையும் இரண்டு முறை படிக்கிற மனிதர். படித்துவிட்டு, காகிதம் சரியாக இருக்கிறது, ஆனால் ஒரு சந்தேகம் என்றார். நாமினி கனடாவில் வேலையில் இருக்கும் மகள், அவர் கட்டிவிட்டால் கடன் கொடுத்தவர்களுக்கும் நாலு லட்சம் போய்ச் சேரும், பாலிசியும் பிழைக்கும், எல்லாருக்கும் நல்லதுதானே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டார். சிஹோ, அந்தக் கேள்வி நியாயமான கேள்வி, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. என் வக்கீல் என் முழங்கையைத் தொட்டார், நான் நிறுத்தவில்லை. "நான் செத்தா அவளுக்கு வரவேண்டிய பணங்க அது. நான் உயிரோட இருக்கணும்னா இப்பவே அவ கையிலேர்ந்து பிடுங்கணும்னா, அதுக்குப் பேரு இன்ஷூரன்ஸ் இல்லீங்க. என் தம்பி கடனை நான் சுமந்தேன், அது என் புத்தி. அது என்னோட நிக்கும். என் பொண்ணு மேல ஏறாது" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பக்கத்து அறையில் டைப் அடிப்பது நின்றது. நிஷியாமா கடிதங்களை ஓரம் தட்டி அடுக்கினார். பிறகு, மினேகோ விஷயத்தில் தான் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது, அது என் மேல் கோபத்தில் இல்லை என்றார். அந்தப் பெண்ணிடமும் இதைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

நேற்று முன்தினம் உத்தரவு வந்தது. பாலிசி என்னுடையது. யாரும் ஒரு யென் கட்ட வேண்டாம். தெருவிலேயே பிரித்துப் படித்துவிட்டுத் தபால்காரரிடம் காட்டினேன், அவர் பாவம் வாழ்த்துச் சொல்வதா வருத்தம் சொல்வதா என்று விழித்தார்.

உத்தரவு வந்த மறுநாள் வாசலில் மணி அடித்தது, திறந்தால் மினேகோ. என் பாலிசிக்கு இத்தனை நாள் ஏஜென்ட் நானே, நான் போனதும் அந்த இடம் காலியாகி, கம்பெனி அவள் பெயரைப் போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி கிளெய்ம் படிவத்தைக் கொண்டு வந்திருந்தாள். கம்பெனி கற்றுக்கொடுத்த வாசகத்தைத் தொடக்கத்திலிருந்து ஒப்பித்தாள், முகத்தைப் பார்க்கவில்லை, நானும் புது வாடிக்கைக்காரி மாதிரி மண்டையாட்டிக் கேட்டேன். ஓர் இடத்தில் நாள் கணக்கைத் தப்பாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் படுத்த முதல் நாளிலிருந்தே பணம் உண்டு என்று திருத்தினேன். "ஆமாக்கா, நீங்க சொல்றதுதான் சரி" என்றாள், மூன்று மாதத்துக்குப் பிறகு அக்கா என்றாள். அந்த அறுபதாயிரத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். "பணம் போனா போவுது, ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம செஞ்சீங்களேக்கா, அதுதான்" என்றாள். எழுந்து போய்த் தேநீர் போட்டுக் கொண்டு வந்தேன். அவள் தேநீர் குடித்துவிட்டுப் போனாள். முழு சமாதானம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆஸ்பத்திரியில் சேரும் நாள் காலையில் தானே வந்து கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறாள், கம்பெனி வேலையாகத்தான் என்று அழுத்திச் சொன்னாள்.

அதனால் நீ டிக்கெட் வாங்க வேண்டாம். வந்தாலும் இந்தச் சின்ன வீட்டில் என் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுவாய், நானும் அழுவேன், இரண்டு பேருக்கும் அதனால் காயம் ஆறாது. கோடையில் வா, கடையை நாலு நாள் மூடிவிட்டு முதலாளியாக வா. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு போ, அடுப்புச் சூட்டிலிருந்து நேரே பனியில் இறங்காதே, மூன்று நாளைக்கு ஒரு முறையாவது சோறு வடித்துச் சாப்பிடு. ஷுன்ஜி மாமா உனக்குப் போன் செய்தால் எடு, நன்றாகப் பேசு, ஆனால் அவன் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கை வைக்காதே.

கடைசியாக ஒன்று, இதை நன்றாக மனசில் வை. உங்கள் கடைக்காரம்மா மார்கரெட் அந்தப் பங்கை பிப்ரவரி முடியும் வரைதான் உனக்காக நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்று நீயே சொன்னாய். எனக்கு ஆபரேஷன் பத்தொன்பதாம் தேதி. முதல் நாள் மாலை டாக்டர் சம்மதக் கடிதத்தைக் கொண்டு வருவார், அதில் நான் கையெழுத்துப் போட்டால்தான் கத்தி எடுப்பார். நீ அந்தப் பங்கை வாங்கிய பத்திரத்தின் நகல் என் கைக்கு வந்த பிறகுதான் நான் போடுவேன், அதற்கு முன் பேனாவைத் தொட மாட்டேன். அம்மா மிரட்டுகிறாளா என்று கேட்டால், ஆமாம், மிரட்டுகிறேன். இருபத்தாறு வருஷம் இந்த ஊரில் கையெழுத்து வாங்கியே பிழைத்தவள், உன்னிடம் வாங்காமல் விட்டுவிடுவேனா?

நோய் நொடி அண்டாமல், உன் அடுப்பு என்றும் தணியாமல், நீ நினைத்தது எல்லாம் கைகூடட்டும். பதினெட்டாம் தேதிக்குள் தபால் வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வாழ்க்கையை உன்னிடமே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லும் அம்மா,
தொமிகோ
ஜனவரி 23